தண்ணீர் டிரம்முக்கு ஒரு மூடி

"பக்கத்து வீட்டம்மா வாசல்லயே நிக்குது. அது வாயைத் திறந்தா நம்ம வீடு வித்த மாதிரிதான்" என்று மனைவியிடம் முணுமுணுத்தார் தையல்காரர்.

மதில் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று வருஷம் ஒன்றாகிறது.

வீடு பார்க்க வந்தவர் மருந்துக்கடைக்காரர். அறைகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மொட்டை மாடிக்கு ஏறி, தெருவில் காயும் துணிகளைப் பார்த்தார்.

"ஒரு கொடியிலகூட சின்னப் பிள்ளைங்க துணி இல்லையே?"

தையல்காரர் முந்திக்கொண்டார். "பசங்கள்லாம் வேலைக்குன்னு வெளியூர் போயிட்டாங்க சார். இப்ப எங்களை மாதிரி பெருசுங்கதான்..."

"எனக்கும் அதுதான் வேணும். பெருசுங்க இருந்தாத்தான் மருந்துக்கடை ஓடும். ஆனா அவங்களும் வித்துட்டுக் கிளம்பிட்டா? சுவத்துப் பல்லிக்கா மாத்திரை விப்பேன்?"

கீழே இறங்கியவர் மதிலோரம் போனார்.

தையல்காரர் உள்ளே படுத்திருந்த மனைவியைப் பார்த்தார். சிறுநீரகம் சரியில்லை. பெரிய ஆஸ்பத்திரிப் பக்கமே குடி போனால்தான் அவள் தேறுவாள். வாங்க வந்த இவரும் திரும்பிப் போனால் வேறு வழியில்லை.

"ஏம்மா, நீங்களும் வீட்டை விக்கிற எண்ணமா?" என்று மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

பக்கத்து வீட்டம்மா இடுப்பில் கை வைத்தார். "யாரு சொன்னா? அந்தாளா?"

"சும்மாதான் கேட்டேன்."

"நான் எதுக்கு விக்கணும்? என்னை இங்கேருந்து கிளப்பணும்னா நாலு பேரு தூக்கிட்டுத்தான் போகணும். பிரஷர் மாத்திரைக்கு ரெண்டு பஸ் மாறிப் போறேன். நீங்க கடை போட்டா முதல் ஆள் நான்தான். கடன் சொன்னா முறைக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்."

மருந்துக்கடைக்காரர் சிரித்துவிட்டார். பேரம்கூடப் பேசாமல் முன்பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

தையல்காரர் தயங்கித் தயங்கி மதில் பக்கம் வந்தார்.

"அக்கா... நேத்து வரைக்கும் உங்க கேட்டுல போர்டு தொங்குச்சே? வித்துட்டு மகளோட போய் இருக்கப்போறீங்கன்னு..."

"ஒரே தெருவுல ரெண்டு போர்டு தொங்கினா எவன் வாங்குவான்? ஆள் வருதுன்னு காலையில உன் பொண்டாட்டி சொன்னா, கழட்டிட்டேன்."

"அவ உங்ககிட்டப் பேசுறாளா?"

"சண்டை உன்கூடத்தானே? போ, போய்ச் சாமானைக் கட்டு."

"அப்ப... உங்க வீடு?"

"அதான் அந்த மனுஷன்கிட்ட இங்கேயே இருக்கேன்னு சொல்லிட்டேனே. இப்பத்தான் மகளுக்குப் போன் போட்டு, வரலைன்னுட்டேன்."

சொல்லிவிட்டு, 'வீடு விற்பனைக்கு' என்ற தகரப் பலகையை எழுத்துப் பக்கம் கீழாகக் கவிழ்த்து, தண்ணீர் டிரம்மை மூடினார்.