கோடைப் பனி

“கொம்பு வச்ச ஆடு காலைத் தட்டுனா கோடையில பனி பெய்யுதாம். பேய் வேலை இல்லாம வேற என்ன ஏளா இது?” குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் அண்ணன் ஹென்றி, வெள்ளை அங்கியின் கையை மடித்துவிட்டபடி கேட்கிறான். தங்கை மெட்டில்டாவிடமிருந்து பிடுங்கிய மொழிபெயர்ப்புக் கதைப்புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்து, அடுப்பில் போடச் சொல்கிறான். மீன் குழம்பு கொதிக்கிறது. கதவிடுக்கு வெயில் புத்தக அட்டையில் விழ, அதில் வரைந்திருக்கும் ஆடு தலை நிமிர்ந்து நிற்கிறது. அம்மாவின் விரலிலிருந்து ஒட்டிய செதில் ஒன்று அதன் கொம்பில் மின்னுகிறது.

“ரோமாபுரியில ஆகஸ்டு மாசம் பனி பெய்ஞ்சிதுன்னுதான நம்ம பனிமய மாதாவுக்கே பேரு? வருசாவருசம் வேர்த்து வடிய நின்னு கும்பிடுதோம். அத நம்புத வீட்டுல இது மட்டும் பேயாண்ணே?” என்கிறாள் மெட்டில்டா.

“மாதாவும் ஆடும் ஒண்ணாளா?”

“கோயில் பீடத்துல ஆண்டவரையே செம்மறி ஆட்டுக்குட்டியா வரைஞ்சு வச்சிருக்கீய. வளந்தா அதுக்குக் கொம்பு முளைக்காதாக்கும்?”

அம்மாவுக்குச் சிரிப்பு வருகிறது. சாமியாராகப் போகிற மகனைப் பார்த்ததும் உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். விறகு சரிந்து தீ உயர்கிறது. மெட்டில்டா அடுப்புக்கும் அம்மாவுக்கும் நடுவே வந்து நின்று கையை நீட்டுகிறாள்.

“அம்மா, புத்தகத்த எங்கிட்ட தாங்க.”