வயது எண்பத்தொன்று

நான்காம் சுற்று மருந்து ஏறியபின் இரத்தத்தில் புற்றுநோயைக் காட்டும் குறியீட்டு அளவு இறங்கியிருக்கிறதா என்றறிய, ஐம்பத்திரண்டு வயதான பேருந்து நடத்துநர் கையை நீட்டினார். இறங்காவிட்டால் கொடுப்பதற்கு வேறு மருந்தில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

“பாத்தும்மா. சில்லறையா எடு, முழு நோட்டா உருவிடாதே.”

“ஆடாம உக்காருங்கண்ணே. இறங்குற இடம் நான் சொல்றேன்,” என்றாள் ஆய்வகப் பெண்.

ஒரே குழாய் இரத்தம்தான் எடுத்தாள். பெயரும் வயதும் தன் கையால் எழுதி ஒட்டினாள். குழாய்த் தாங்கியில் வைக்கப்போனால், அங்கே அவர் பெயரில் வேறொரு குழாய் நின்றது. கோப்பு எண்ணும் அதுவே. வயது மட்டும் எண்பத்தொன்று. எழுத்து அவளுடையதுதான், முதுமையில் எழுதியதுபோல் நடுங்கியிருந்தது.

ஒரே பெயரில் இரண்டு வந்தால் இரண்டையும் சோதிப்பது அங்கே விதி. அவள் எடுத்ததில் அளவு அறுநூற்றிலிருந்து தொண்ணூற்றுக்கு இறங்கியிருந்தது. மற்றதில் இரண்டு, நோயற்றவர்க்குரிய அளவு.

“என்னம்மா, வண்டி ஓடுமா?” என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

“ரொம்ப தூரம் ஓடும்ணே!”

உள்ளம் உருகிக் கைகூப்பினாள். கூப்பிய கைகளுக்குள் அந்த எண்பத்தொரு வயதுக் குழாய் இன்னும் இளஞ்சூடாக இருந்தது.