விருந்தாளியைச் சமைத்த பெருமாயி

“ஐ வில் குக் த கெஸ்ட். சரிதானுங்களா டீச்சரம்மா?”

கேட்டுவிட்டுப் பெருமாயி விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றாள். ஞானவடிவுக்கு முதலில் உதடு துடித்தது. அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தே விட்டாள்.

“பெருமாயிக்கா, நடுவுல ‘ஃபார்’னு ஒண்ணு இருக்கு. அதை விட்டுட்டீங்க. இப்ப நீங்க விருந்தாளிக்குச் சமைக்கல, விருந்தாளியையே சமைச்சிட்டீங்க!”

“ஆத்தாடி! சீசனுக்கு வர்ற வெள்ளைக்காரவுக காதுல இது விழுந்தா, பொட்டியத் தூக்கிக்கிட்டு ஓட்டமா ஓடிப்போவாகளே!”

கொடைக்கானலுக்கு வந்த இந்த ஏழு வாரத்தில் ஞானவடிவு சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிப்புச் சத்தம் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

வியட்நாமில் ஒரு மிஷன் பள்ளியில் ஆறு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் அவள். போன பங்குனியில் ஒரு காலை நேரம், விமானச் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடப் பிள்ளைகள் எழுந்தார்கள். “எழுதுற வரியை முடிச்சிட்டு எழுந்திருங்க” என்றாள். தினமும் கேட்கிற சத்தம்தானே என்ற நினைப்பு. அந்த அரை நிமிஷத்தில் குண்டு விழுந்தது. நாலு பிள்ளைகள் எழுந்திருக்கவே இல்லை.

தோளில் பட்ட காயம் ஆஸ்பத்திரியில் ஆறியது. மற்றது ஆறவில்லை. மிஷன்காரர்கள் அவளை மலைமேல் இருந்த தங்கள் ஓய்வு இல்லத்துக்கு அனுப்பிவைத்தார்கள். சாக்பீஸை இனித் தொடுவதில்லை என்ற முடிவோடு வந்தவள், பேச்சையும் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டாள். ஐப்பசி மழையில் விருந்தாளி யாரும் இல்லை. மேனேஜர் வேதமுத்து வாசலை ஒட்டிய ஆபீசோடு சரி. உள்ளே நடமாடியது சமையலையும் துப்புரவையும் பார்த்துக்கொண்ட பெருமாயி மட்டும்தான்.

மூன்றாவது வாரம் அவள்தான் வந்து கேட்டாள்.

“நமக்கு நாலு வார்த்தை இங்கிலீசு சொல்லிக்குடுங்க டீச்சரம்மா. வெந்நி வேணுமா பச்சத்தண்ணி வேணுமான்னு கேக்க முடியாம, சீசனுக்குச் சீசன் அல்லாடிக் கெடக்கேன்.”

“நான் இப்ப பாடம் நடத்துறதில்ல, பெருமாயிக்கா.”

“பாடம் யாரு கேட்டா? நாலு வார்த்தை. அம்புட்டுத்தேன்.”

மறுநாள் வெள்ளனே காப்பி கொண்டுவந்தவள், “இந்தச் சன்னலுக்கு என்ன பேருங்க?” என்றாள். வேறு வழியில்லாமல், “விண்டோ” என்றாள் ஞானவடிவு.

“விண்டா.”

“விண்டோ.”

“விண்டே.”

எத்தனை துக்கம் இருந்தாலும், காதில் விழுகிற தப்பைத் திருத்தாமல் விட ஒரு டீச்சரால் முடியுமா? சன்னலில் ஆரம்பித்தது கதவுக்கு வந்து, கம்பளிக்கு வந்து, முழு வாக்கியத்துக்கு வந்துவிட்டது. பெருமாயிக்கு இன்று வந்தது நாளைக்கு மறந்துபோகும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

“அங்கத்திப் புள்ளைகளும் நம்மளக் கணக்கா மக்குகதேனா டீச்சரம்மா?”

“மக்கெல்லாம் இல்ல. சொல்லோட கடைசி எழுத்தை முழுங்கிடுவாங்க. ‘ரைஸ்’னு சொல்லச் சொன்னா ‘ரை’ம்பாங்க.”

“காலையில என்ன திம்பாக?”

“நம்ம சேவை மாதிரி அரிசியில செய்வாங்க. கொதிக்கிற ரசத்துல போட்டு, வாயெல்லாம் சுடச்சுட உறிஞ்சுவாங்க. முதல் மணி அடிச்சப்புறமும் கிண்ணத்தோடதான் ஓடிவருவாங்க...”

சொல்லிக்கொண்டே வந்தவள் ஒருநாள் அந்தக் காலை நேரத்தையும் சொல்லிவிட்டாள். பெருமாயி விளக்குமாற்றை ஓரமாக வைத்துவிட்டு அருகில் வந்து தரையில் உட்கார்ந்தாள். நாலு பிள்ளைகளின் பெயரையும் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்த வாயில் நுழையாத பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் ஞானவடிவு வாய்விட்டு அழுதாள்.

தை மாதம் மிஷனிலிருந்து கடிதம் வந்தது. சர்ச் கூடத்தில் பள்ளி மறுபடி தொடங்கிவிட்டதாம். பிள்ளைகள் டீச்சரைக் கேட்கிறார்களாம்.

“போகட்டுமாக்கா?”

“நம்ம மண்டையிலயே ஏத்திட்டீக. அந்தச் சின்னஞ்சிறுசுக மண்டையில ஏத்த மாட்டீகளா? வெரசாக் கெளம்புங்க.”

கிளம்பும் நாளன்று பஸ் ஸ்டாண்டில் நல்ல பனி. பெருமாயி கட்டுச்சோற்றைக் கையில் கொடுத்துவிட்டு, டிரங்குப் பெட்டியைக் கூரைமேல் ஏற்றுகிறவனோடு மல்லுக்கட்டப் போய்விட்டாள். வழியனுப்ப வந்த வேதமுத்துவிடம் பஸ் சன்னல் வழியாகக் குனிந்தாள் ஞானவடிவு. கண்ணெல்லாம் நிறைந்திருந்தது.

“சார், நான் மறுபடி பாடம் நடத்தப் போறேன்னா, அது பெருமாயிக்கா புண்ணியம். அவங்களுக்குத்தான் நான் ஒண்ணும் செய்யல, பாதியில விட்டுட்டுப் போறேன். சீசனுக்குள்ள நீங்களாவது அவங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுத்து முடிச்சிடுங்க.”

வேதமுத்து திருதிருவென்று விழித்தார்.

“பெருமாயிக்காவுக்கா? அமெரிக்க டாக்டரம்மா வீட்டுல பதினெட்டு வருசம் ஆயாவா இருந்து, அவுக புள்ளைகளுக்கு பைபிளையே இங்கிலீஷ்ல வாசிச்சுக் காட்டுனவுகளாச்சே! எனக்கு இங்கிலீஷ் கத்துக்குடுத்ததே அவுகதானுங்க, டீச்சர்!”