தளேகாவ் என்றாலே கொதிக்கும்

"தொடாதீங்கப்பா, கொதிக்குது!"

ஜெரோஷ் கத்தியதும் சுவிசேஷமுத்து ரேடியேட்டர் மூடியிலிருந்து கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. கட்கியிலிருந்து தளேகாவ் போகும் வழியில், தேகு ரோடு தாண்டி, மே மாத வெயிலில், பெண் பார்க்கக் கிளம்பிய மூன்று பேரும் சாலையோரம் நின்றார்கள்.

இது மூன்றாவது தடவை. கட்கி மார்க்கெட்டுக்குப் போனால் அந்தக் கார் கொதிக்காது, சர்ச்சுக்குப் போனால் கொதிக்காது, லோனாவளா மேட்டில் ஏறினாலும் கொதிக்காது. தளேகாவில் பெண் வீடு என்று கிளம்பினால் மட்டும் பாதி வழியில் ரேடியேட்டர் தண்ணீர் காலியாகிவிடும்.

"கார் பாகம் செய்யுத கம்பெனில இன்ஜினியரு! சொந்த வண்டில தண்ணி எங்கல போகுதுன்னு கண்டுபிடிக்கத் துப்பில்ல!" என்று சுவிசேஷமுத்து மகன் மேல் பாய்ந்தார்.

"எல்லாத்தையும் பாத்தாச்சுப்பா."

"என்னத்தப் பாத்த? மூணு மாசமா இதே பாட்டு!"

அம்மா மேவிஸ் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். "கர்த்தருக்கே இது சித்தமில்லையோ என்னமோ. அவங்களும் நம்ம வீட்டுக்கு ரெண்டு தடவை கிளம்பி, வழியில வண்டி நின்னு திரும்பிப் போனாவல்லா?"

"அவங்க வண்டி பழசு. நம்ம வண்டிக்கு என்ன கேடு?" என்றார் சுவிசேஷமுத்து. "இன்னைக்கும் வரலேன்னா வேற இடம் பாத்துக்கிடுதோம்னு பொண்ணோட அப்பா நேத்தே சொல்லிட்டாரு. நல்ல குடும்பம், நல்ல புள்ள. கைக்கு எட்டுனது வாய்க்கு எட்டாமப் போயிரும்."

"திரும்பிருவோம்பா. இப்போ கல்யாணத்துக்கு என்ன அவசரம்?"

"முப்பத்திரண்டு வயசுல அவசரமில்லையாம்! பேசாம இருல." மகன் இதை எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். அப்பாவின் காதில் அது விழுந்ததே இல்லை.

சுவிசேஷமுத்து கட்கி மெக்கானிக் இஸ்மாயிலுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கத்தினார். "ஏ இஸ்மாயிலு, மறுபடியும் நின்னுட்டுய்யா!"

"முத்து அண்ணே, நானும் தலையப் பிச்சுக்கிறேன். ஓஸ் பைப் மாத்தியாச்சு, பம்ப் மாத்தியாச்சு. பிரஷர் ஏத்திப் பாத்தா ஒரு சொட்டு ஒழுகல. அடியில தண்ணி வடிக்கிற மூடிகூட டைட்டாத்தான் இருக்கு."

"அப்போ தண்ணி என்ன, பரலோகத்துக்கா போகுது?"

"குதா கசம், சத்தியமாத் தெரியலண்ணே. சூடு ஆறுனதும் தண்ணி ஊத்துங்க. ஏ.சி. வேணாம். ஹீட்டரை ஃபுல்லா வைங்க. இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கும். மெல்லப் போயிடலாம்."

"ஹீட்டரா? இந்த வெயில்லயா?" ஜெரோஷ் பதறிப்போனான். "அதெல்லாம் வேண்டாம்பா. தண்ணி ஊத்துனாலே..."

"தண்ணி ஊத்துனாலே?"

ஜெரோஷ் குனிந்து டயரைப் பார்க்க ஆரம்பித்தான். சுவிசேஷமுத்து பக்கத்து தாபாவில் இரண்டு கேன் தண்ணீர் வாங்கி வந்தார். இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, ரேடியேட்டர் வழிய வழிய ஊற்றினார். "இன்னைக்கு வெந்து செத்தாலும் சரி, போய்ச் சேருதோம்" என்று ஸ்டியரிங்கில் அவரே உட்கார்ந்தார்.

ஹீட்டர் அனலைக் கக்கியது. மேவிஸின் முகத்துப் பவுடர் கழுத்துக்கு இறங்கியது. ஜெரோஷின் புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் சூடு காட்டும் மீட்டரில் முள் நடுவை விட்டு அசையவே இல்லை, தளேகாவ் வந்துவிட்டது.

பெண்ணின் அப்பா வாசலில் காத்திருந்தார். மூவரும் இறங்கிய கோலத்தைப் பார்த்துப் பதறி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து உட்கார வைத்தார். சுவிசேஷமுத்து மூன்று மாத ஆத்திரத்தையும் அங்கே கொட்டினார். ஓஸ், பம்ப், பிரஷர், அடி மூடி என்று ஒன்று விடாமல் சொல்லி, "அம்புட்டும் சரியா இருக்கு. தண்ணி மட்டும் இல்ல. என்ன சவத்து வண்டியோ!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"எங்க வண்டியும் அப்படித்தான் கழுத்தறுக்குது" என்று பெண்ணின் அப்பாவும் சேர்ந்துகொண்டார். இரண்டு அப்பாக்களும் இந்தக் காலத்து மெக்கானிக்குகளை ஒருபாட்டம் திட்டித் தீர்த்தார்கள்.

எலுமிச்சைச் சாறு கொண்டுவந்த பெண் ஃபேபியோலா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவ்வளவையும் கேட்டாள். தொழிற்பேட்டையில் பம்ப் செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. அப்பாக்களைப் பார்த்தாள், பிறகு ஜெரோஷை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பிள்ளைங்க தனியாப் பேசட்டும்" என்று பெரியவர்கள் ஜெரோஷையும் ஃபேபியோலாவையும் பால்கனிக்கு அனுப்பினார்கள்.

ஜெரோஷுக்கு எரிச்சல் தாங்கவில்லை. இவ்வளவு தூரம் வெந்து வந்ததற்கு, மனதில் இருப்பதை இவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தான். "தப்பா நினைக்காதீங்க. உங்களப் பத்தி ஒண்ணுமில்ல. எனக்கு இப்போ கல்யாணத்துல..."

ஃபேபியோலா பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"என்னை மாதிரி நீங்களும் அந்த அடி மூடியைத் திறந்து, தண்ணியை வடிச்சிட்டு மூடிருவீங்களா?"