மிச்சமிருந்த ஒரே சாதனை

“அவுட்டாகித் தொலைஞ்சா என்ன” என்று டிவியைப் பார்த்து முணுமுணுத்தார் ஆணி. பிறகு, மனைவியின் காதில் விழுந்திருக்குமோ என்று சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

ஆணி என்பது ரசிகர்கள் வைத்த பேர். மட்டையைப் பிடித்துக்கொண்டு காலை ஊன்றினால் அறைந்த ஆணி மாதிரி நிற்பார். பந்து வீசுகிறவர்கள் பிடுங்கப் பார்த்துக் கை சோர்ந்துபோவார்கள். அப்படி நின்று ஒரே இன்னிங்ஸில் அவர் அடித்த 347தான், அவர் ஓய்வுபெற்று இத்தனை வருஷமாகியும் நாட்டிலேயே பெரிய ஸ்கோர்.

மற்ற சாதனைகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போய்விட்டன. அதிக சதம் போயிற்று, அதிக ரன் போயிற்று, வேகமான இரட்டைச் சதமும் போன வருஷம் போயிற்று. ஒவ்வொரு தடவையும் முறியடித்தவனுக்கு முதல் பூங்கொத்து ஆணியிடமிருந்துதான் போகும். அன்று முழுக்க வீட்டில் யாரோடும் பேசமாட்டார்.

மிச்சமிருந்தது 347 ஒன்றுதான். கார் நம்பரில், போன் நம்பரின் வாலில், கேட்டில் பதித்த பித்தளைப் பலகையில் என்று எங்கே பார்த்தாலும் அது.

இப்போது அதற்கும் ஆபத்து. பையன் 339-ல் நின்றுகொண்டிருந்தான்.

பையன் என்பது பத்திரிகைகள் வைத்த பேர். மீசை அரும்பும் வயதில் அணிக்குள் வந்தவனை அப்படி எழுத ஆரம்பித்தார்கள். இன்றைக்கு முகம் கொள்ளாத தாடி வளர்ந்தும் பேர் மாறவில்லை.

வெளியே கேட்டருகே டிவிக்காரர்கள் கேமராவோடு காத்திருந்தார்கள். சாதனை முறிந்ததும் ஆணியின் முகத்தைப் படம் பிடிக்க வேண்டுமாம். சொல்ல வேண்டியதை அவர் காலையில் சவரம் செய்யும்போதே கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துவிட்டார். பல் தெரியச் சிரிப்பதா, லேசாகச் சிரிப்பதா என்பதில்தான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

பையன் ஒரு பவுண்டரி அடித்தான். அடுத்த பந்து எகிறி வந்து அவன் விலாவில் மோத, மடங்கி உட்கார்ந்துவிட்டான். சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது.

ஆணிக்கு எரிச்சலாக வந்தது. அவர் ஆடிய காலத்தில் மனைவி ஸ்கோர்கூடக் கேட்டதில்லை. இன்று, பார்க்க மனசு தாங்காது என்று ஹாலுக்கே வராமல் இருந்துகொண்டு, காதை மட்டும் டிவியில் வைத்திருக்கிறாள்.

நேற்றுச் சாயங்காலமும் அப்படித்தான், ஆட்டம் முடிந்ததும் அறைக்குள் போய் யாரிடமோ போனில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். இவர் ரெண்டு நாளாகச் சாப்பாட்டைத் தொடுவதில்லை, கேட்டால் எரிந்து விழுகிறார் என்று சொன்னது மட்டும் இவருக்குக் கேட்டது. தங்கையிடம் புலம்புகிறாள் என்று விட்டுவிட்டார்.

பையன் எழுந்து, விலாவைத் தடவிக்கொண்டே இரண்டு ரன் ஓடினான். இன்னும் மூன்று எடுத்தால் முந்திவிடுவான்.

அடுத்து வந்தது, வாயில் ஊட்டிவிடுகிற மாதிரி ஒரு பந்து. வேகமும் இல்லை, சுழற்சியும் இல்லை, தரையில்கூடப் படாமல் நேராக முழங்கால் உயரத்துக்கு வந்தது. காலையிலிருந்து அந்த மாதிரிப் பந்தையெல்லாம் எல்லைக்கோட்டுக்கு விரட்டிக்கொண்டிருந்த பையன், இதை மெல்லத் தூக்கி, எதிரே சும்மா நின்ற எதிரணிக்காரன் கையில் போட்டான்.

மைதானமே தலையில் கை வைத்துக்கொண்டது. பையன் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வந்த வேலை முடிந்தவன்போல நடந்தான்.

தூக்கத்தில்கூட ஒருத்தன் இந்தப் பந்துக்கு அவுட்டாக மாட்டானே என்று ஆணிக்கு ஒரு கணம் உறுத்தியது. நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிய வேகத்தில் அந்த உறுத்தலும் எங்கேயோ போய்விட்டது.

செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனார். இனிச் சிரிப்புக்கு வேலையில்லை என்பதால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். மூணு ரன்னில் தவறிப்போனது எப்படி இருக்கிறது என்று டிவிக்காரர் மைக்கை நீட்டினார்.

“மனசே ஆறலங்க. பையன் தாண்டியிருக்கணும். நான் அதுக்காகத்தான் வேண்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.”

சொல்லும்போது கண்ணில் தண்ணீர்கூட வந்தது. என்ன பெரிய மனசு பாருங்க என்று கேமராக்காரர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அது காதில் விழுந்ததால், திரும்பி நடக்கும்போது ஆணி தோளைக் கொஞ்சம் கூடுதலாகவே தளர்த்திக்கொண்டார்.

உள்ளே வந்ததும் பசி வயிற்றைக் கிள்ளியது. தட்டைப் போடச் சொன்னார். மனைவி பரிமாறினாள். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டதற்கு, வெங்காயம் என்றாள்.

குழம்பு இன்றைக்கு நன்றாக இருக்கிறதே என்று சொல்லி இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார். பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

அவள்தான் எடுத்தாள். சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே, வாய் நிறையச் சோற்றோடு இருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“நம்ம பையன்தான். அப்பா சாப்பிட்டாரான்னு கேக்கறான்.”