கழுத்துத் துண்டுகள்

வெள்ளிக்கிழமை. மான்செஸ்டரில் மூன்று மணிக்கே வெளிச்சம் மங்குகிறது. யூத வீடுகளில் ஓய்வுநாள் விளக்கேற்ற இன்னும் கொஞ்ச நேரந்தான். ஃபைவெலின் கறிக்கடையில் பனிக்கட்டி மேல் கோழிகள் வரிசையாகக் கிடக்கின்றன, வாங்க ஆளில்லை. போன மாதம்வரை இங்கேயே வாங்கிய சிஸ்ஸல், பெரிய அங்காடியில் மலிவாக வாங்கிய கோழியைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைக்கிறாள். வேறு யாரிடம் போய்க் கேட்பது?

"அண்ணே, நம்ம முறைப்படி அறுத்ததுதானா? இந்த முத்திரையைப் பார்த்தா சந்தேகமா இருக்கு."

ஃபைவெல் கையைத் துடைத்துக் கண்ணாடியை மாட்டுகிறார். உறையை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். நம்மவர் கடை இருக்க அங்கே ஏன் போனாய் என்று நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கிறது அவளுக்கு.

"நல்ல முத்திரைதாம்மா. தைரியமாச் சமைங்க."

"ஆறு பிள்ளைங்கண்ணே... அங்க பாதி விலை..."

"நான் ஏதாச்சும் கேட்டேனா?" சிரித்தபடி குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டுகிறார். "அவங்க கழுத்து போட மாட்டாங்களே. உங்க வீட்டு சூப்புக்குன்னு வாராவாரம் எடுத்து வைக்கிறேன்."

பொட்டலம் சில்லென்றிருக்கிறது. அந்தக் கோழியோடு சேர்த்துப் பைக்குள் வைக்க மனம் வராமல், கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.