இதுல என்ன தெரியுது?

மேஜை அதிர்ந்தது. காலையிலிருந்து ஐந்தாவது தடவை.

"அண்ணே, உங்க செவ்வாய் கிரகம் கூப்பிடுது" என்றாள் அவள், கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவளுக்கு அந்த வாரப் பத்திரிகையில் பக்கங்களை வடிவமைக்கிற வேலை. பக்கத்து மேஜைக்காரர் பிழை திருத்துபவர். எங்கே ஒற்று விட்டுப்போனாலும் பிடித்துவிடுவார் என்பதால் ஆபீஸ் முழுக்க அவருக்கு 'ஒற்று அண்ணன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பென்சிலைக் கீழே வைக்காமலே அவர் போனை அவள் பக்கம் தள்ளினார்.

"நீயே பாத்துச் சொல்லும்மா. கையில வேலை கெடக்கு."

அனுப்பியது அவர் மனைவி. செவ்வாய் கிரகத்தில் எடுத்த புகைப்படம். பழுப்பு மண், அதன் நடுவே பழுப்புப் பாறை. கீழே வழக்கமான கேள்வி: 'இதுல என்ன தெரியுது?'

மூன்று மாதமாக இதே பாடு: படம் வரும், அவள் பார்த்துச் சொல்வாள். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு ஒன்று வரும். இன்றைக்கு நிற்கவே இல்லை.

"ஆமை. தலையை வெளியே நீட்டிக்கிட்டிருக்கு" என்றாள்.

'ஆமை, தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது' என்று ஒற்றெல்லாம் சரிபார்த்து அனுப்பினார். உடனே ஒரு கட்டைவிரல் வந்து விழுந்தது.

அவ்வளவுதான், மறுபடி வேலை. நாலு மணிக்குப் பக்கங்கள் அச்சுக்குப் போயாக வேண்டும். இரண்டு பக்கம் இன்னும் முடியவில்லை. விளம்பரக்காரர்கள் அளவை மாற்றிவிட்டார்கள். ஆசிரியர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மூடினார். அவர் திட்டியிருந்தாலாவது தேவலை.

மேஜை அதிர்ந்தது.

"தூங்குற நாய்."

பத்து நிமிஷம் கழித்து, "ஒத்தைச் செருப்பு."

"ஏண்ணே, அண்ணிக்கு அங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்றார் எதிர்வரிசை நிருபர். எல்லோரும் சிரித்தார்கள். ஒற்று அண்ணனும் சேர்ந்து சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த படத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே மவுஸை அழுத்தியதில், முடித்து வைத்திருந்த ஒரு பத்தி முழுசாகக் காணாமல் போனது. தேடி மீட்பதற்குள் கால் மணி நேரம் ஓடிவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. வேலை நேரத்துல அனுப்பாதேன்னு அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பொண்ணு கல்யாணமாகிப் போனதுலேருந்து வீட்டுல ஒத்தையா உக்காந்திருக்கா. ஏதோ அவளுக்குப் பொழுது போகுது. எனக்கு எந்தப் படத்தைப் பாத்தாலும் வெறும் மண்ணுதாம்மா. அப்படின்னு சொன்னா அவ முகம் சுண்டிப்போயிடும். அதான் உன் உயிரை வாங்கறேன்."

இவர் இப்படி இடம் கொடுப்பதால்தான் அந்த அம்மா ஆடுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆக வேண்டும்?

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைக்கூடத் திறக்காமல் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். அவர் பெண்ணின் கல்யாணத்தின்போது வாங்கி வைத்த அண்ணியின் நம்பர் இருந்தது. அழுத்தினாள்.

"அண்ணி, நான் அண்ணனுக்குப் பக்கத்து சீட்டு."

"சொல்லும்மா. அவருக்கு ஒண்ணுமில்லையே?" குரல் பதறியது.

"அவர் நல்லாத்தான் இருக்கார். இந்த போட்டோ விஷயமாத்தான். வேலை நெருக்கடியில இது ஒரு தொந்தரவா இருக்கு அண்ணி. உங்களுக்கு அது விளையாட்டு. இங்க எல்லாரும் சிரிக்கிறாங்க."

மறுமுனையில் குரல் தாழ்ந்தது.

"அவர்கிட்ட சொல்லிட மாட்டியே?"

"என்னத்தை?"

"சர்க்கரை அவர் கண்ணுல இறங்கியிருக்கும்மா. கண் டெஸ்ட் ரிசல்ட் வாங்க நான் மட்டும்தான் போனேன். ஆரம்பம்தான், பயப்படாதீங்கன்னார் டாக்டர். வெள்ளைத் தாள்ல கறுப்பு எழுத்து அவருக்கு ரொம்ப நாளைக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருக்குமாம். அதை நம்பாதீங்க, ஒரே நிறத்துல இருக்கிற மேடு பள்ளம்தான் முதல்ல மங்கும், அது தெரியலைன்னா ஒரு நாள்கூடத் தள்ளாம கூட்டிட்டு வாங்கன்னார்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அவர்கிட்ட ஏன் அண்ணி சொல்லல?"

"அவங்கப்பாவுக்கு இப்படித்தான் ரெண்டு கண்ணும் போச்சு. தனக்கும் அதேதான்னு தெரிஞ்சா பாதி உசிரு அப்பவே போயிடும். அதான் விளையாட்டு மாதிரி தினம் ஒண்ணு அனுப்பறேன். மண்ணு நிறத்துல மண்ணு. இதைவிட நல்ல பரீட்சை எங்க கிடைக்கும்?"

"இன்னிக்கு ஏன் இத்தனை?"

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தாங்க. என்ன பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போறதுன்னு ஒரு வாரமாத் தவிச்சுக்கிட்டிருந்தேன். நல்லாத் தெரிஞ்சா எதுக்கு இழுத்தடிக்கணும்னு காலையிலேருந்து கஷ்டமான படமாப் பாத்து அனுப்பினேன். ஒண்ணுகூட விடல, எல்லாம் கரெக்ட்." முதல் தடவையாக அந்தக் குரலில் ஒரு சிரிப்பு. "இப்பத்தான் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி, நாளைக்கு வரலைன்னு சொன்னேன். மூணு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் நிம்மதியா உக்காந்திருக்கேன்."

கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே ஒற்று அண்ணன் தெரிந்தார். அவள் வடிவமைத்த பக்கத்தில் விட்டுப்போன ஏதோ ஒன்றைப் பிடித்துவிட்ட திருப்தியில் பென்சிலால் சுழித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி" என்றாள். "திரும்ப ஆஸ்பத்திரிக்குப் பேசுங்க. நாளைக்கு வேணாம், இன்னிக்கே வரோம்னு சொல்லுங்க."

"ஏம்மா?"

"மூணு மாசமா உங்களுக்கு வந்த பதில் ஒண்ணுகூட அவரோடது இல்ல அண்ணி. எல்லாம் நான் பாத்துச் சொன்னது."